பக்குவம் வந்த பிறகுதான் இறங்க வேண்டுமா?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு வயது 33. ஞானஸ்நானம் எடுத்து ஒன்பது வருஷமாகிறது. மனைவியும் நான்கு வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். எங்கள் சபையில் வாலிபப் பிள்ளைகள் படிப்பு முடித்து வேலைக்குப் போனதும் கொஞ்சம் கொஞ்சமாக ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களில் மூன்று பேர் அவ்வப்போது எங்கள் வீட்டுக்கு வந்து மனம்விட்டுப் பேசிவிட்டுப் போவார்கள். வாரம் ஒருநாள் அவர்களை வீட்டில் கூட்டி வேதம் வாசிக்க வேண்டும் என்ற பாரம் இரண்டு வருஷமாக என்னை விடவில்லை. சபை மூப்பர் ஒருவரிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "முதலில் நீங்கள் ஆவிக்குரிய வாழ்க்கையில் பக்குவப்படுங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார். நெருங்கிய நண்பரோ, "விசுவாசம் இருந்தால் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்தில் இறங்குங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். ராஜினாமா கடிதம்கூட டைப் செய்து வைத்துவிட்டேன். மனைவி எதுவும் சொல்லவில்லை. போதகர் தடுத்துவிடுவாரோ என்று பயந்து, அவரிடம் சொல்லாமலே வேதபாடத்தைத் தொடங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். எனக்கு இன்னும் சட்டென்று கோபம் வருகிறது, ஜெபத்தில் ஒழுங்கில்லை. நான் தவறினால் ஆண்டவருடைய நாமம் தூஷிக்கப்படுமே என்ற பயமும் இருக்கிறது. துணிந்து இறங்குவது விசுவாசமா, அவசரமா? பக்குவம் வந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்பான சகோதரரே, ஸ்தோத்திரம்.

சுற்றிவளைக்காமல் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதபாடத்தைத் தொடங்குங்கள். வேலையை விடாதீர்கள். போதகரிடம் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

மூப்பர் சொன்னதிலும் நண்பர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பக்குவத்தையும் துணிவையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டதில் இருவரும் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். மூப்பர் பக்குவத்தை ஒரு நுழைவுத் தேர்வு போலப் பார்க்கிறார். தேறி வந்தால்தான் உள்ளே இடம். நண்பரோ துணிவு இருக்கிறவனுக்குப் பக்குவம் எதற்கு என்பதுபோலப் பேசுகிறார். வேதத்தில் நான் காண்கிற வழி வேறு. கீழ்ப்படிந்து ஒரு காரியத்தில் இறங்குகிறவனுக்குத்தான் பக்குவம் வருகிறது. அது வரவர, அவனுடைய துணிவுக்கு நிதானமும் சேர்ந்துகொள்கிறது.

எபிரெயர் 5-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை இன்றைக்கு ஒருமுறை திறந்து வாசியுங்கள். அந்த விசுவாசிகள் புதிதாக வந்தவர்கள் இல்லை. காலத்தைப் பார்த்தால் அவர்கள் இதற்குள் மற்றவர்களுக்குப் போதிக்கிறவர்களாக ஆகியிருக்க வேண்டும். ஆனால் இன்னும் பால் உண்கிற நிலையிலேயே இருக்கிறார்கள் என்று நிருபத்தை எழுதியவர் வருத்தப்படுகிறார். வருஷங்கள் போனால் பக்குவம் தானாக வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை. பலமான ஆகாரம் யாருக்குத் தகும் என்பதை 14-ஆம் வசனம் சொல்கிறது: நன்மை எது, தீமை எது என்று பகுத்தறியப் பயிற்சியினால் பழகியவர்களுக்கு. பயிற்சி என்றால் செய்து பார்ப்பது, தடுமாறுவது, திருத்தப்படுவது, மறுபடியும் செய்வது. ஒன்பது வருஷம் பிரசங்கம் கேட்ட நீங்கள் இன்னும் ஒன்பது வருஷம் பிரசங்கம் கேட்டால் பக்குவப்பட்டுவிடுவீர்கள் என்று மூப்பர் நினைத்திருந்தால், இந்த வசனம் அவருக்குத் துணைநிற்காது.

அதற்காக அவருடைய வார்த்தையை ஒதுக்கிவிடவும் வேண்டாம். சபையை மேற்பார்க்கும் கண்காணியாக இருக்கிறவன் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனாக இருக்கக்கூடாது, இருந்தால் பெருமையில் விழுவான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (1 தீமோத்தேயு 3:6). சபையில் பதவிக்கும் அதிகாரத்துக்கும் காலம் தேவை. அதில் அவசரப்பட்டுப் போனவர்களையும், அவர்களால் புண்பட்ட சபைகளையும் அந்த மூப்பர் பார்த்திருக்கக்கூடும். ஆனால் நீங்கள் கேட்பது பதவி இல்லை. உங்கள் வீட்டில், உங்களைத் தேடி ஏற்கெனவே வருகிற மூன்று பேரோடு உட்கார்ந்து சுவிசேஷம் வாசிப்பதற்கு மூப்பருக்குரிய தகுதி வேண்டும் என்று வேதம் எங்கேயும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். இந்த வேதபாடத்தைப் பற்றி சபையில் யாருமே ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை, உங்கள் பெயர் எந்த அறிவிப்பிலும் வராது என்றால், அப்போதும் இந்தப் பாரம் இருக்குமா? இருக்கும் என்றால் தைரியமாகப் போகலாம்.

ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். உடல்நலக் குறைவால் பல்கலைக்கழகப் படிப்பைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாதவர். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. வந்த பிறகு என்ன செய்தார்? சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி, அகரம் தொடங்கிக் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி வெளிவந்தது. தமிழைக் கரைத்துக் குடித்த பிறகுதான் கப்பல் ஏறுவேன் என்று அவர் ஊரிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே சமயம், வந்த மறுநாளே எல்லாம் தெரிந்தவர்போல மேடை ஏறவும் இல்லை. பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார மனம் இருந்தது. அந்த மனம் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் பக்குவத்தைப் பற்றி நான் முதலில் கேட்கும் கேள்வி.

இனி, துணிவா அவசரமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு 1 சாமுவேல் 13, 14 அதிகாரங்களை அடுத்தடுத்து வாசிப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. தகப்பனும் மகனும், எதிரே அதே பெலிஸ்தர் படை. இருவருமே யாரும் எதிர்பாராத ஒரு காரியத்தைத் துணிந்து செய்கிறார்கள்.

தகப்பன், இஸ்ரவேலின் ராஜா சவுல். தீர்க்கதரிசி சாமுவேல் வருவதாகச் சொன்ன ஏழு நாள் முடிகிறது, ஆள் வரவில்லை. ஜனங்கள் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட 3,000 பேரில் கடைசியில் கூட இருந்தவர்கள் சுமார் 600 பேர். அந்தப் பதற்றத்தில், சாமுவேல் வந்து செலுத்த வேண்டிய பலியைச் சவுல் தானே செலுத்திவிடுகிறார். செலுத்தி முடிக்கிற நேரத்தில் சாமுவேல் வந்து நிற்கிறார். என்ன செய்தீர் என்று கேட்டதற்குச் சவுல் சொன்ன பதிலைக் கவனியுங்கள்: ஜனங்கள் சிதறினார்கள், நீர் குறித்த நாளில் வரவில்லை, பெலிஸ்தர் கூடிவிட்டார்கள், ஆகையால் துணிந்து செய்தேன். வெளியே பார்த்தால் பக்தியான செயல். உள்ளே இருந்தது கூட்டம் கலைந்துவிடுமே என்ற பயம். அடுத்த அதிகாரத்திலும் அதே மனிதர்தான். ஆசாரியன் மூலமாகக் கர்த்தரிடம் விசாரிக்கத் தொடங்கி, சத்தம் பெருகுவதைக் கேட்டதும் "இருக்கட்டும்" என்று பாதியில் நிறுத்தச் சொல்கிறார். பிறகு, சாயங்காலம் வரை யாரும் சாப்பிடக்கூடாது என்று ஆணையிட்டு, களைத்துப்போன படையை இன்னும் வதைக்கிறார். காத்திருக்க முடியாதவனுக்குக் கேட்டுமுடிக்கவும் பொறுமை இல்லை. அவனுடைய வைராக்கியத்தின் சுமையைக் கூட இருந்தவர்கள் சுமந்தார்கள்.

மகன் யோனத்தான். அந்த யுத்த நாளில் இஸ்ரவேலர் பக்கம் பட்டயம் இருந்ததே சவுலிடமும் யோனத்தானிடமும் மட்டும். ஒரு பக்கம் போசேஸ், மறுபக்கம் சேனே என்று இரண்டு செங்குத்துப் பாறைகள். யோனத்தான் தன் ஆயுததாரியிடம், "ஒருவேளை கர்த்தர் நமக்காக ஒரு காரியம் செய்வார்" என்கிறார். கர்த்தருக்கு அநேகம் பேரும் ஒன்றுதான், கொஞ்சம் பேரும் ஒன்றுதான் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் இன்றைக்கு, இந்த இடத்தில், இதைத்தான் செய்வார் என்று அடித்துச் சொல்லவும் இல்லை, "ஒருவேளை" என்கிறார். பிறகு ஓர் ஏற்பாடு செய்கிறார்: நாம் அவர்களுக்கு முன்னால் போய் நிற்போம், "நாங்கள் வரும் வரை நில்லுங்கள்" என்று அவர்கள் சொன்னால் ஏறிப் போகாமல் நின்றுவிடுவோம், "ஏறி வாருங்கள்" என்றால் ஏறுவோம். மலையில் கால் வைப்பதற்கு முன்பே, எந்த நிலையில் நின்றுவிடுவது என்பதையும் முடிவு செய்துவிட்டார். கூட வருகிறவனும் இழுத்து வரப்பட்டவன் இல்லை, மனப்பூர்வமாக வந்தவன். அதன் பிறகு கையாலும் காலாலும் தவழ்ந்து பாறை ஏறினார்கள்.

நான் ஆலோசனை சொல்லும் இடத்தில் துணிவையும் அவசரத்தையும் பிரித்துப் பார்ப்பது இந்த இடத்தில்தான். "ஆண்டவர் இதில் வேண்டாம் என்று சொன்னால் உங்களால் நிறுத்த முடியுமா?" என்று கேட்பேன். நிறுத்த முடிகிறவருடைய துணிவை நம்பலாம். "அப்படிச் சொல்லவே மாட்டார், எனக்கு நிச்சயம்" என்று கேள்வி முடிவதற்குள் பதில் வந்தால் எனக்குக் கவலையாகிவிடும். எதிர்த்துக் கேள்வி கேட்கிற எவரையும் விசுவாசமில்லாதவர் என்று தள்ளிவிடுகிறவரைப் பற்றி இன்னும் அதிகக் கவலை.

யோனத்தான் தகப்பனிடம் சொல்லாமல்தானே போனார் என்று நீங்கள் கேட்கலாம். ஆம், சொல்லவில்லை. அது யுத்தகளம், தகப்பனோ மாதளமரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தார். ஆனால் உங்களுடைய மறைப்பு வேறு வகை. "சொன்னால் தடுத்துவிடுவார், அதனால் சொல்லாமல் தொடங்கிவிடுவேன்" என்பது எனக்கு மோசேயின் நாற்பதாவது வயதை நினைவுபடுத்துகிறது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த தன் சகோதரரின் சுமையைக் கண்டு அவருக்குள் எழுந்த பாரம் சரியானது. பிற்பாடு கர்த்தர் அவரை அதற்காகவே அனுப்பினார். ஆனால் அன்றைக்கு அவர் அங்கும் இங்கும் பார்த்து, ஒருவரும் இல்லை என்று அறிந்த பிறகு அவர்களில் ஒருவனை அடித்த எகிப்தியனைக் கொன்றார். சரியான பாரத்தை ஒளித்துச் செய்யப்போய், நாற்பது வருஷம் மீதியானில் ஆடு மேய்க்க வேண்டியதாயிற்று. ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கும்போதே அக்கம்பக்கம் பார்க்க வேண்டியிருந்தால், அதைச் சற்று நிறுத்திவைப்பது நல்லது.

ஆகவே போதகரிடம் போங்கள். வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பாதீர்கள். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதும் சொல்லாதீர்கள். நேரம் கேட்டு, உட்கார்ந்து பேசுங்கள். எப்படிப் பேசுவது என்பதற்கு, பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவைப் பாருங்கள். கிஸ்லேயு மாதத்தில் எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்ற செய்தி வருகிறது. நிசான் மாதத்தில்தான் ராஜாவுக்கு முன்பாக வாய் திறக்கிறார். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம் அழுகையும் உபவாசமும் ஜெபமும். அன்றைக்குக் கையில் திராட்சரசப் பாத்திரத்தோடு நிற்கிறார். ராஜாவுக்குப் பக்கத்தில் ராணி உட்கார்ந்திருக்கிறாள். ஏன் உன் முகம் துக்கமாயிருக்கிறது என்று ராஜா கேட்டதும் மிகவும் பயந்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று ராஜா கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவே மனதுக்குள் ஒரு ஜெபம். பிறகு வருகிற பதிலில் மழுப்பலே இல்லை. எவ்வளவு காலம் போய் வருவேன் என்று ஒரு காலத்தைக் குறிப்பிடுகிறார். நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், ராஜாவின் வனக்காவலன் ஆசாபுக்குக் கடிதம் வேண்டும், வாசல் கதவுகளுக்கும் அலங்கத்துக்கும் மரம் வேண்டும் என்கிறார். அந்த நான்கு மாதமும் அவர் வெறுமனே காத்திருக்கவில்லை என்பது இந்தப் பதிலிலேயே தெரிகிறது. எருசலேமுக்குப் போன பிறகும், யாரிடமும் சொல்லாமல் இரவில் எழுந்து இடிந்த அலங்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் "கட்டுவோம் வாருங்கள்" என்று அழைத்தார். அலங்கம் 52 நாளில் முடிந்தது.

உங்கள் பாரத்துக்கு இரண்டு வருஷ வயதாகிறது. போதகர் "என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? "வாலிபர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் ஐயா" என்று மட்டும் இருந்தால், அவர் தயங்குவதில் தப்பே இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இந்த மூன்று பேரோடு வாரம் ஒரு மாலை, ஒன்றேகால் மணி நேரம், என் வீட்டில். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம், வாரத்துக்கு ஒன்று. என் மனைவியும் கூட இருப்பார். காணிக்கை கிடையாது, கூட்டத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. மாதம் ஒருமுறை உங்களிடம் வந்து எப்படிப் போகிறது என்று சொல்வேன். 16 வாரம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, தொடரலாமா என்று உங்களோடு உட்கார்ந்து பார்ப்பேன். என்னிடம் எது சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதையும் இப்போதே சொல்லுங்கள்." இப்படிக் கேட்கிறவரைத் தட்டிக்கழிப்பது எந்தப் போதகருக்கும் எளிதில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்வதற்குத்தான் துணிவு அதிகம் வேண்டும்.

(மூன்று பேரும் ஆண்களா, பெண்களும் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. யாராக இருந்தாலும், இரவு நேரத்தில் தனியாக ஒருவரோடு மட்டும் அமர்ந்து ஆலோசனை சொல்லும் நிலை வராமல் முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.)

அவர் வேண்டாம் என்று சொன்னால்? ஏன் என்றும், எதுவரை என்றும், என்னிடம் எந்த மாற்றத்தைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்றும் மரியாதையாகக் கேளுங்கள். ஆலயம் கட்டத் தாவீது ஆசைப்பட்டபோது நாத்தான் தீர்க்கதரிசி முதலில் "போய்ச் செய்யும்" என்றார். அன்று இரவே கர்த்தர் அதை மாற்றிச் சொன்னார். கட்டப்போவது அவருடைய மகன். ஆனால் அந்த விருப்பம் தாவீதின் மனதில் இருந்தது நல்ல காரியந்தான் என்று கர்த்தரே சொன்னதாகச் சாலொமோன் சாட்சி சொல்கிறார் (1 இராஜாக்கள் 8:18). தாவீது முகம் வாடி உட்கார்ந்துவிடவில்லை. பொன்னும் வெள்ளியும் கேதுரு மரங்களும் சேர்த்துவைத்தார். உங்களுக்கும் அப்படி ஒரு வேலை இருக்கும். போதகர் ஒரு கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லலாம். ஒரு வாலிபனுக்குப் போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று விசாரிப்பதற்கும், அவனோடு சேர்ந்து ஜெபிப்பதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ராஜினாமா கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் துணிவு என்றாலே வேலையை விடுவது என்று எண்ணுகிறார். வில்லியம் வில்பர்போர்ஸ் 21 வயதில் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினரானவர். 1785-இல் கிறிஸ்துவிடம் ஆழமாகத் திரும்பியபோது, அரசியலை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போய்விடலாமா என்ற குழப்பம் அவருக்கும் வந்தது. அந்த டிசம்பரில், ஒரு காலத்தில் அடிமைக் கப்பலுக்குத் தலைவராக இருந்து பின்பு போதகரான ஜான் நியூட்டனைத் தேடி லண்டனில் போனார். உள்ளே போகத் தைரியம் வராமல் நியூட்டனின் வீடு இருந்த சதுக்கத்தையே சுற்றிச்சுற்றி நடந்தாராம். இருக்கிற இடத்திலேயே இருங்கள், அங்கே தேவனுக்கு உங்களால் வேலை ஆக வேண்டியிருக்கிறது என்பதுதான் நியூட்டன் சொன்னதன் சாரம். வில்பர்போர்ஸ் இருந்தார். அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807-இல்தான் நிறைவேறியது. அடிமைமுறையையே ஒழிக்கும் மசோதா நிறைவேறுவது உறுதியாகிவிட்டது என்ற செய்தி 1833-இல் அவருடைய மரணப்படுக்கைக்கு வந்தது. மசோதாக்கள் வருஷக்கணக்கில் தோற்றபோதும் அந்த நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்ததைத் துணிவு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

கொரிந்துவில் பவுலும் கூடாரம் செய்துதான் சாப்பிட்டார். முழுநேர ஊழியத்துக்கு அழைப்புப் பெற்றவர்கள் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரோடு வாரம் ஒரு மாலை வேதம் வாசிப்பதற்கு ராஜினாமா தேவைப்படவில்லை. பிற்காலத்தில் அப்படி ஓர் அழைப்பு வந்தால், அது உங்கள் சபைக்கும் தெரியும், உங்கள் மனைவிக்கும் தெரியும். ஏதாவது ஒரு முகாமின் கடைசி நாள் உணர்ச்சியில் வேலையை விட்டுவிட்டு, வீட்டுச் செலவை மனைவியின் தலையில் ஏற்றியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்கள் விசுவாசம் என்று சொன்னதை அந்த மனைவிமார் வேறு விதமாகச் சொன்னார்கள். சவுலின் ஆணையால் பசித்திருந்தது யார் என்பதை மறக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகமாக நிறுத்திய வாக்கியம், "மனைவி எதுவும் சொல்லவில்லை" என்பது. நீங்கள் கேட்டீர்களா? ராஜினாமா கடிதம் டைப் செய்தது அவருக்குத் தெரியுமா? யோனத்தானின் ஆயுததாரி வாய் திறந்து "உம்முடைய மனதுபோலச் செய்யும், நான் உம்மோடு இருக்கிறேன்" என்று சொன்னான். உங்கள் மனைவியிடமிருந்து வாய்திறந்த ஒரு பதில் வரும் வரை அடுத்த அடி வைக்காதீர்கள். பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு, போன் இல்லாமல் உட்கார்ந்து, "உனக்கு இதில் என்ன பயம்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே வசனம் சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள். வேலையைப் பற்றி, குழந்தையைப் பற்றி, உங்கள் கோபத்தைப் பற்றிக்கூட அவர் பேசலாம். அதைக் கேட்டு முடிப்பதும் உங்கள் ஊழியத்தில் சேர்ந்ததுதான்.

கோபத்தைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்கிறேன். கோபம் முழுவதும் போன பிறகுதான் தொடங்குவேன் என்றால் எந்தக் காலத்திலும் தொடங்க மாட்டீர்கள். ஆனால் கோபம் வந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பது முக்கியம். கடைசியாக வீட்டில் சத்தம் போட்ட அன்று, தூங்குவதற்கு முன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடைசியாக ஒருவர் உங்கள் குறையைச் சுட்டிக்காட்டியபோது, அடுத்த வாரம் அவரோடு எப்போதும்போலப் பேசினீர்களா, ஒதுங்கினீர்களா? இன்னொரு சகோதரருடைய ஊழியம் வளர்வதைக் கேட்டால் மனதில் முதலில் என்ன வருகிறது? பக்குவம் வந்துவிட்டதா என்று கேட்டீர்களே, நான் பார்ப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். ஒருவர் எவ்வளவு நேரம் ஜெபிக்கிறார், எத்தனை வசனம் மனப்பாடமாகச் சொல்கிறார் என்பதை வைத்து மட்டும் நான் முடிவு செய்வதில்லை. ஜெபத்தைப் பொறுத்தவரை, அந்த மூன்று பேருடைய பெயரையும் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஆண்டவரிடம் சொல்லுங்கள். சுமக்க ஆட்கள் இருந்தால் ஜெபத்தில் ஒழுங்கு வரும். பலருடைய வாழ்க்கையில் இதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக அந்தப் பயம். "நான் தவறினால் ஆண்டவருடைய நாமம் தூஷிக்கப்படும்." இதில் பக்தி இருக்கிறது. ஆனால் இயேசு சொன்ன உவமையில், எஜமான் கொடுத்த ஒரு தாலந்தைப் புதைத்தவனும் ஏறக்குறைய இதே தொனியில்தான் பேசினான். நீர் கடினமுள்ள மனுஷன் என்று அறிவேன், ஆகையால் பயந்து புதைத்துவைத்தேன் என்றான். ஒரு தாலந்து என்பது சில்லறை இல்லை. அந்தக் காலத்து நாட்கூலி வெள்ளிப்பணத்தில் சுமார் 6,000, ஒரு கூலியாள் இருபது வருஷம் உழைத்தால் சேர்கிற தொகை. அவ்வளவையும் நம்பி ஒப்படைத்த எஜமானைத்தான் அவன் கடினமானவன் என்றான். அவனுடைய பயத்துக்கு அடியில் எஜமானைப் பற்றிய தப்பான எண்ணம் இருந்தது. உங்கள் பயத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தனியாக உட்கார்ந்து பாருங்கள். சறுக்கினால் கையை நீட்டித் தூக்குகிற ஆண்டவரை அறிந்திருக்கிறீர்களா, சறுக்குவதற்காகவே காத்திருக்கிற ஒருவரை மனதில் வைத்திருக்கிறீர்களா? அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் பவுல் ஆசியாவில் வசனம் சொல்லத் தடை வருகிறது, பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதற்கும் தடை. அதற்காக அவர் கடிந்துகொள்ளப்பட்டதாக ஒரு வரியும் இல்லை. நடந்துகொண்டிருந்தவருக்குத்தான் துரோவாவில் மக்கெதோனியா தரிசனம் கிடைத்தது. தரிசனத்தில் கூப்பிட்டது ஓர் ஆண். பிலிப்பியில் போய்ச் சேர்ந்தபோது கேட்க உட்கார்ந்திருந்தது ஆற்றங்கரையில் ஜெபத்துக்குக் கூடிய பெண்கள். உங்கள் வேதபாடமும் நீங்கள் நினைத்தபடியே இருக்காது. மூன்று பேர் ஒருவராகலாம். நீங்கள் எதிர்பாராத யாராவது வந்து உட்காரலாம்.

இந்த வாரம் மனைவியிடம் பேசுங்கள். டைப் செய்த கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டு அழித்துவிடுங்கள். அடுத்த வாரம் போதகரிடம் நேரம் கேளுங்கள். மூப்பரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் முதலில் கேள்விப்படுவது உங்கள் வாயிலிருந்து இருக்கட்டும். மாற்கு முதல் அதிகாரத்தை நீங்களே ஐந்தாறு முறை வாசித்து, அதில் உங்களுக்கே பதில் தெரியாத கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். முதல் மாலையை அந்தக் கேள்விகளோடு தொடங்கலாம். பிள்ளைகள் கேட்கிற ஏதாவது ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியவில்லை, பார்த்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். 16 வாரம் முடிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். போதகர் சொன்னதை மட்டும் எழுதாமல், உங்கள் மனைவி சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள்.